நூற்றில் ஒன்று



இது கொஞ்சம் நீளமான பதிவு. காலை நடைப்பயிற்சி முடித்து, காபி குடித்துவிட்டுப் படிக்கலாம். வேதியியல் வருகிறது, கணக்கும் வருகிறது. கடைசியில் என் மேலேயே ஒரு புகாரும் வருகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரில் புரத ஆராய்ச்சிக் கூடமொன்றில் வேலை. "என் பேரைப் போடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. "அங்கே என்னம்மா பண்றே?" என்று கேட்டேன். "மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சார். நீங்க நடத்துனதுதான்" என்றாள்.

நான் நடத்தியது ஐசோடோப்பு பாடத்தில் இரண்டே வரி. நியான் அணுக்களில் நிறை 20 உள்ளவையும் 22 உள்ளவையும் கலந்திருப்பதை ஆஸ்டன் தன் கருவியால் பிரித்துக் காட்டினார், 1922-இல் நோபல் பரிசு பெற்றார், அவ்வளவுதான். அதே தத்துவத்தில் இன்று ஒரு சொட்டு ரத்தத்தில் உள்ள புரதங்களை எடைபோடுகிறார்கள் என்றால், எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. இரண்டு மணி நேரம் அவள் ஆசிரியை, நான் மாணவன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

புரதம் பெரிய மூலக்கூறு. அதை அப்படியே எடைபோட்டு அடையாளம் காண்பது கடினம். அதனால் டிரிப்சின் என்ற நொதியைப் போட்டு வெட்டுகிறார்கள். நம் குடலில் செரிமானத்துக்கு உதவுகிறதே, அதே டிரிப்சின். கண்டபடி வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்துத்தான் வெட்டும். இப்படிக் கிடைக்கும் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். அவற்றை மின்னூட்டம் ஏற்றிப் பறக்கவிட்டு எடைபோட வேண்டும். இவ்வளவு மென்மையான மூலக்கூறைச் சிதைக்காமல் பறக்கவிடுவதுதான் நெடுநாள் தடையாக இருந்தது. அதற்கு வழி கண்டதற்காக 2002-இல் ஜான் ஃபென், கொய்ச்சி டனாக்கா இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டனாக்கா முனைவர் பட்டம் பெறாதவர். ஜப்பானில் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலைபார்த்த எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். 1985-இல் ஒருநாள் கோபால்ட் தூளில் தவறுதலாக கிளிசரினைக் கலந்துவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே கருவியில் வைத்துப் பார்த்தார். வேலை செய்தது! ஆய்வகத்தில் எதையாவது மாற்றிக் கலந்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கியவர்கள் இந்த இடத்தில் என்னை மன்னிக்கவும்.

எடைபோட்ட பெப்டைடை அதே கருவிக்குள் மோதவிட்டு உடைக்கிறார்கள். உடைந்த துண்டுகளின் நிறைகள் ஒரு வரைபடத்தில் கோடு கோடாக விழும். அதுதான் அந்தப் பெப்டைடின் ரேகை. ஒருமுறை கருவியை ஓட்டினால் பல்லாயிரம் ரேகைகள் வந்துவிடும். இவற்றைக் கண்ணால் பார்த்து முடியாது. 1994-இல் அமெரிக்காவில் ஜிம்மி எங், ஜான் யேட்ஸ் ஆகியோர் சீக்வெஸ்ட் என்ற கணினி நிரலை எழுதினார்கள். நமக்குத் தெரிந்த எல்லாப் புரதங்களின் வரிசையும் ஒரு பட்டியலாக இருக்கிறது. ஒவ்வொரு ரேகையையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, எது அதிகம் பொருந்துகிறதோ அதைச் சொல்லும், மதிப்பெண்ணும் போடும்.

"நல்லதுதானே?" என்றேன்.

"அங்கதான் சார் சிக்கல். அது 'எனக்குத் தெரியலை'ன்னு சொல்லவே சொல்லாது. எந்தக் குப்பையைக் குடுத்தாலும் இருக்கறதுல நல்ல பொருத்தம்னு ஒண்ணை எடுத்து நீட்டிடும்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் மிக உயரமானவர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். அதனால் அவர் உயரமானவர் என்று ஆகிவிடாது. அதுபோல, அதிகம் பொருந்தியது எப்போதும் ஒன்று இருக்கும். அது உண்மையிலேயே பொருந்தியதா, வேறு வழியில்லாமல் மேலே வந்ததா? பத்தாயிரம் பொருத்தங்களில் எத்தனை பொய்?

எது பொய் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடலாம். தெரியாது. ஆனால் எத்தனை பொய் என்பதை மட்டும் மதிப்பிட ஒரு வழி இருக்கிறது. இதைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவ்வளவு எளிமை, அவ்வளவு புத்திசாலித்தனம்.

உண்மைப் புரதங்களின் பட்டியலோடு, அதே அளவில் ஒரு பொய்ப் பட்டியலையும் சேர்த்துவிடுகிறார்கள். பொய்ப் பட்டியலை எப்படித் தயாரிப்பது? ஒவ்வொரு புரதத்தின் வரிசையையும் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதினால் போதும். அதே அமினோ அமிலங்கள், அதே நீளம். ஆனால் இயற்கையில் அப்படியொரு புரதம் கிடையாது. கவுதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கவுதாரி ஒன்றைக் கூண்டில் வைத்து மற்றவற்றை வரவழைப்பார்களே, அதற்கு ஆங்கிலத்தில் டிகாய் என்று பெயர். இந்தப் பட்டியலுக்கும் அதே பெயர்தான்.

எது உண்மை, எது பொய் என்று நிரலுக்குச் சொல்வதில்லை. அது பாட்டுக்கு ஒப்பிட்டுக்கொண்டு போகும். ஒரு ரேகை பொய்ப் பட்டியலில் போய்ப் பொருந்தினால், அது நூற்றுக்கு நூறு தப்பு என்று நமக்குத் தெரியும். தற்செயலாகப் பொருந்துகிற ரேகைக்கு உண்மைப் பட்டியலும் ஒன்றுதான், பொய்ப் பட்டியலும் ஒன்றுதான். நாணயம் சுண்டியதுபோல இங்கே பாதி, அங்கே பாதி விழும். ஆக, பொய்ப் பட்டியலில் 100 பொருத்தம் விழுந்திருந்தால், உண்மைப் பட்டியலிலும் ஏறக்குறைய 100 தப்புப் பொருத்தம் ஒளிந்திருக்கிறது. உண்மைப் பட்டியலில் மொத்தம் 10,000 பொருத்தம் என்றால், அதில் பொய் நூற்றில் ஒன்று. இதைப் பொய்க் கண்டுபிடிப்பு விகிதம் என்கிறார்கள். சுருக்கமாக எஃப்.டி.ஆர். விகிதம் அதிகமாக இருந்தால் மதிப்பெண் வரம்பை உயர்த்தி மறுபடி எண்ண வேண்டியதுதான். நூற்றில் ஒன்று என்பதுதான் பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் வரம்பு.

எஃப்.டி.ஆர். என்ற கருத்தை 1995-இல் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும். திருப்பிப்போட்ட பட்டியல் முறையை வேறு சிலரும் முன்பே பயன்படுத்தியிருந்தாலும், அதை ஒழுங்காக விளக்கி எல்லோரும் கைக்கொள்ளும்படி செய்தது 2007-இல் ஹார்வர்டின் எலியஸ், கைகி எழுதிய கட்டுரை.

"அப்போ பிரச்சினை தீர்ந்ததா?" என்றேன். சிரித்தாள். "நூத்துல ஒண்ணுன்னு சொன்னா, எதோட நூறுன்னு கேக்கணும் சார்."

இதைப் பொறுமையாகப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 10,000 பெப்டைடு பொருத்தம், அதில் 100 தப்பு, 9,900 சரி. சரியானவை எல்லாம் மாதிரியில் உண்மையாகவே இருக்கிற புரதங்களின் மேல் மறுபடி மறுபடி விழும். 9,900-ம் சேர்ந்து 1,500 புரதங்களைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். தப்பான 100 அப்படி ஓரிடத்தில் குவியாது. ஏறத்தாழ 20,000 புரதங்கள் உள்ள பட்டியலில் ஆளுக்கொரு பக்கம் சிதறும். அதனால் பெரும்பாலும் ஒவ்வொரு தப்பும் ஒரு புதுப் புரதத்தைக் கண்டுபிடித்ததாகக் காட்டும். 90 பொய்ப் புரதம் என்று வையுங்கள். 1,590-இல் 90 என்றால் நூற்றில் ஐந்து, ஆறு. பெப்டைடு கணக்கில் ஒன்றாக இருந்தது புரதக் கணக்கில் ஆறாக ஆகிவிட்டது. பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகக் கொட்டினால் இன்னும் மோசம். சரியானவை பழைய பெயர்களையே திரும்பச் சொல்லும். தப்பானவை ஒவ்வொரு தடவையும் புதுப்பெயர் சொல்லும்.

இது வெறும் கணக்கு அல்ல. 2014-இல் நேச்சர் இதழில் மனித உடலின் புரத வரைபடம் என்று இரண்டு பெரிய கட்டுரைகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று ஜெர்மனியின் மியூனிக் குழு. மற்றது அகிலேஷ் பாண்டே தலைமையில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் நம் பெங்களூரின் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் சேர்ந்து செய்தது. மனித மரபணுக்களில் 17,294-க்கு உரிய புரதங்களைக் கண்டதாக இரண்டாவது கட்டுரை சொன்னது. பெரிய உழைப்பு, நமக்கும் பெருமை. அதே ஆண்டில் ஸ்பெயினிலிருந்து மைக்கேல் டிரெஸ், வலென்சியா ஆகியோர் ஒரு கேள்வி கேட்டார்கள். மூக்கில் வாசனையை உணர்வதற்கென்றே சில புரதங்கள் உண்டு. மனிதனுக்கு அப்படி ஏறக்குறைய 400 மரபணுக்கள். இரண்டு வரைபடங்களிலும் அந்த வகைப் புரதங்கள் நூறுக்கு மேல் இருந்தன. ஆனால் இரண்டாவது குழு எடுத்த 30 மாதிரிகளில் கல்லீரல் இருந்தது, இதயம் இருந்தது, விழித்திரைகூட இருந்தது. மூக்கு இல்லை. மூக்கே இல்லாமல் மோப்பப் புரதம் எங்கிருந்து வந்தது?

கவனித்தீர்களா? அவர்கள் மோப்பப் புரதங்களையே ஒரு டிகாய் ஆக்கிவிட்டார்கள். இருக்கக்கூடாத இடத்தில் எத்தனை தட்டுப்படுகிறது என்று எண்ணிவிட்டார்கள். அடுத்த ஆண்டே, 2015-இல், மியூனிக் குழுவினரும் வேறு சிலரும் சேர்ந்து புரத அளவில் எஃப்.டி.ஆர். கணக்கிட ஒரு திருந்திய முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு புரதத்தையும் அதன் திருப்பிப்போட்ட ஜோடியையும் மோதவிட்டு, ஜெயித்ததை மட்டும் எண்ணுகிற முறை. கேள்விக்கு உள்ளானவர்களே கணக்கைத் திருத்தவும் உட்கார்ந்தார்கள் என்பது எனக்குப் பிடித்தது.

இனி என் கதை.

என்னிடம் படித்தவர்களுக்குச் சிவப்பு அட்டை நோட்டு நினைவிருக்கும். கொள்குறி வினாத் தேர்வு வைத்தால், யார் எந்தக் கேள்விக்கு எந்த விடை எழுதினார்கள் என்று கட்டம் போட்டுக் குறித்துவைப்பேன். எந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று அதில் தெரியும்.

1997-இல் பிளஸ் டூ திருப்புதல் தேர்வு. 50 கேள்விகள். ஏ பிரிவில் 40 பேர் ஓர் அறையில், பி பிரிவில் 39 பேர் வேறு அறையில், ஒரே வினாத்தாள், ஒரே நேரம். கட்டம் போடும்போது ஏ பிரிவில் இரண்டு பையன்களின் விடைகள் கண்ணில் பட்டன. ஒரே கேள்விகளில், ஒரே தப்பான விடை, ஏழு இடங்களில். இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தவர்கள். சரியான விடை ஒன்றுபோல இருக்கலாம், தப்பு எப்படி ஒன்றுபோல இருக்கும்? காப்பிதான் என்று முடிவுகட்டினேன்.

அதோடு நிற்கவில்லை. ஒருவன் 38, மற்றவன் 31. இரண்டு தாள்கள் ஒன்றுபோல இருந்தால் யார் யாரைப் பார்த்தார்கள் என்று தாள் சொல்லாது. நான் சொன்னேன். 31 வாங்கியவன்தான் பார்த்து எழுதியவன் என்றேன். அவன் "இல்ல சார்" என்றான். மூன்று முறை சொன்னான். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றேன். அவர் கட்டட வேலைக்குப் போகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஆசிரியர் அறை வாசலில் கைகட்டி நின்றார். எனக்கு அப்போது வயது 44. நான் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலன்று மாணவி பேசப் பேச, மனசுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த நோட்டு இன்னும் இருக்கா சார்?" என்றாள்.

பரணில் இருந்தது. கரையான் அட்டையைத்தான் தின்றிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து விடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பேரன் எக்செல்லில் ஒப்பிட்டுத் தந்தான்.

ஏ பிரிவில் 40 பேர் என்றால் 780 ஜோடிகள். நான் அன்று செய்தது என்ன? 780 ஜோடிகளில் அதிகம் பொருந்தியதை எடுத்து நீட்டினேன். அந்த நிரல் செய்கிற அதே வேலை.

இப்போது டிகாய். ஏ பிரிவு மாணவனையும் பி பிரிவு மாணவனையும் ஜோடி சேர்த்தால், நடுவில் சுவர் இருக்கிறது, பார்த்து எழுத முடியாது. அப்படி 40-ஐ 39-ஆல் பெருக்கினால் 1,560 ஜோடிகள். 780-க்குச் சரியாக இரண்டு மடங்கு. அவற்றில் ஏழோ அதற்கு மேலோ தப்புகள் ஒத்துப்போனவை எத்தனை என்று பார்த்தோம். ஆறு ஜோடிகள்! இரண்டு மடங்கு என்பதால் பாதியாக்கினால், பார்த்து எழுதாமலே 780-இல் மூன்று ஜோடிகளை எதிர்பார்க்கலாம். ஏ பிரிவுக்குள் இருந்தவை நான்கு ஜோடிகள். நான்கில் மூன்று தற்செயல் என்கிறது கணக்கு. வரிசை எண்படி உட்காரவைத்ததால் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரியும். அந்த நான்கில் இரண்டு ஜோடிகள் அறையின் இந்த மூலையும் அந்த மூலையும்.

ஏன் இப்படி என்பதும் நோட்டிலேயே இருந்தது. குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பு கேட்டிருந்தேன். 3டி-யில் ஐந்து, 4எஸ்-இல் ஒன்று என்பது சரி. பாதிப் பேர் நான்கு, இரண்டு என்று எழுதியிருந்தார்கள். அது இயல்பாக விழும் குழி. மாணவர்கள் விழட்டும் என்று நானே வெட்டிய குழி. எல்லோரும் ஒரே குழியில் விழுந்தார்கள் என்று ஒருவனைப் பிடித்து வைத்தேன்.

முடிவை மாணவிக்கு அனுப்பினேன். "எண்ணிக்கை ரொம்பச் சின்னது சார். முக்கால்வாசின்னு அடிச்சுச் சொல்லாதீங்க. அதோட, இது கூட்டத்தைப் பத்திதான் சொல்லும், அந்த ஒரு பையனைப் பத்தி சொல்லாது" என்று பதில் போட்டாள். உண்மைதான். அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் என்பதும் சந்தேகத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு.

அவன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். பெரிய மகள் கல்லூரியில் படிக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ நான் பாத்து எழுதலைன்னு உங்க கணக்கு சொல்லுதா சார்?"

"இல்லப்பா. கணக்கு அதைச் சொல்லாது. நீதான் சொன்னே. மூணு தடவை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான். "ரெண்டு பேரும் ஒரே நோட்ஸ் சார். எனக்கு வாங்கக் காசில்ல. ராத்திரி அவன் வீட்டுலபோய் வாங்கிட்டு வந்து படிப்பேன். அதுல என்ன தப்பா இருந்துச்சோ அதான் ரெண்டு பேரும் எழுதியிருப்போம்."

இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நான் கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பான்! நான் கேட்டது "பார்த்து எழுதினாயா இல்லையா" என்பது மட்டும்தான்.

"எங்கப்பாதான் சார், கொஞ்ச காலம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நெசமா சொல்லு, பாத்துதான் எழுதினியான்னு. இப்ப அவரு இல்ல. விடுங்க சார், கடைக்கு ஆள் வந்துட்டாங்க" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அவனே கூப்பிட்டு, பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். மகளிடம் சொன்னானாம்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் வங்கியில் மோசடி பிடிக்கும் பிரிவில், சிலர் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில், ஒருவர் காவல் துறையில். எல்லோருமே ஏதோ ஒன்றை ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டு, "பிடிச்சுட்டேன்" என்று சொல்கிற வேலையில் இருக்கிறீர்கள். சொல்வதற்கு முன், பக்கத்து அறைத் தாளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் இதே அளவு பொருந்தினால், கையில் இருப்பது ஆதாரம் இல்லை. பிறகு அந்தப் பையனை உட்காரவைத்து, "எப்படிப் படித்தாய்?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

அறிவியல் பகுதியை மாணவி ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுத்தாள். மீறித் தவறு இருந்தால் அது என்னுடையது. கமென்டில் சுட்டிக்காட்டுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. அந்த ஏ பிரிவில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்து அவன் யார் என்று தெரிந்தால், தயவுசெய்து இங்கே பெயர் எழுத வேண்டாம். கடைக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

சிவப்பு நோட்டைத் திரும்பப் பரணில் போடவில்லை. மேசை மேல்தான் இருக்கிறது. இன்னும் பதினோரு தேர்வுகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் ஆசிரியர்